தரையைத் தட்டிப் பார்த்தவர்கள் – 9: எண்ணெய்க்காரர்களுக்கு வேண்டாத அலை

1921-ல் ஓக்லஹோமாவில் கார்ச்சரும் அவருடைய சகாக்களும் வெடி வைத்து, ஆழத்துப் பாறையில் பட்டுத் திரும்பிய அதிர்வைப் பதிவு செய்ததைச் சென்ற இதழில் பார்த்தோம். அதற்குப் பிறகு எண்ணெய் தேடும் தொழில் அசுர வேகத்தில் வளர்ந்தது. ஆனால் களத்தில் வேலை செய்தவர்களுக்கு ஆரம்பம் முதலே ஒரு தலைவலி. வெடித்த இடத்திலிருந்து கீழே போகும் அலையோடு இன்னோர் அலையும் கிளம்பும். அது கீழே போகாது. தரையை ஒட்டியே வரும், மெதுவாகத்தான் வரும், ஆனால் வந்து சேர்ந்துவிட்டால் பதிவுத் தாளில் வேறு எதையும் படிக்க விடாது. இரண்டாயிரம் மீட்டர் ஆழத்திலிருந்து சோர்ந்துபோய் வரும் எதிரொலியை அது அப்படியே விழுங்கிவிடும்.

கிரவுண்ட் ரோல் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அதை ஒழிப்பதற்கென்றே உத்திகள் பிறந்தன. மேல் மண்ணைத் தாண்டித் துளை போட்டு அதன் அடியில் வெடி வைத்தார்கள். ஓர் இடத்தில் தரை அதிர்வை உணரும் ஜியோபோன் ஒன்றுக்குப் பதிலாகப் பலவற்றைக் கோத்து வைத்து, தரையோடு வரும் அலை தன்னைத் தானே அடித்துக்கொள்ளும்படி செய்தார்கள். மிச்சம் இருந்ததை வடிகட்டியில் தள்ளினார்கள். அவர்கள் செய்தது தப்பென்று சொல்ல மாட்டேன். எண்ணெய் எங்கே இருக்கிறது என்று பார்க்கப் போனவனுக்கு முதல் இருபது மீட்டர் மண் வெறும் இடைஞ்சல்தான். ஆனால் வீட்டுக்கு அஸ்திவாரம் போடுகிறவனுக்கும் சாலை போடுகிறவனுக்கும் அந்த இருபது மீட்டர்தான் எல்லாம். அவனுக்கு வேண்டிய தகவல் இந்த வேண்டாத அலைக்குள் இருந்தது.

இந்த அலையைப் பற்றி முதலில் எழுதியவர் ஒரு பூகம்பத்தையும் நேரில் ஆராய்ந்தவர் அல்லர். இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பகுதியில் டெர்லிங் என்ற ஊரின் ஜமீன்தார், மூன்றாம் ராலே பிரபு. இயற்பெயர் ஜான் வில்லியம் ஸ்டிரட். ருமாட்டிக் காய்ச்சல் வந்து உடம்பு தேறுவதற்காக நைல் நதியில் படகுவீட்டில் தங்கியிருந்தபோது ஒலியைப் பற்றிய தன் பெரிய நூலை எழுதத் தொடங்கியவர். பிற்பாடு ஆர்கான் வாயுவைக் கண்டறிந்ததற்காக 1904-ல் நோபல் பரிசு பெற்றார். பண்ணையையும் பால் வியாபாரத்தையும் தம்பி பார்த்துக்கொண்டதால் அண்ணனுக்கு ஆய்வகத்தில் உட்கார நேரம் கிடைத்தது.

1885-ல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் எட்டுப் பக்கக் கட்டுரை ஒன்று எழுதினார். கேள்வி எளிமையானது: முடிவில்லாமல் ஆழமாகப் போகும் ஒரு திடப்பொருளின் மேல்பரப்பில் மட்டும் தங்கி ஓடும் அலை இருக்க முடியுமா? முடியும் என்று கணக்குச் சொன்னது. பரப்பில் இருக்கும் ஒவ்வொரு துகளும் நீள்வட்டமாகச் சுழலும். உச்சியில் இருக்கும்போது அலை வந்த திசைக்கே பின்னோக்கி நகரும். கீழே போகப் போக அசைவு சடசடவென்று குறைந்துவிடும். இதன் வேகம், அதே பொருளில் குறுக்கலை போகும் வேகத்தில் சுமார் 92 சதவீதம். கட்டுரையில் அவர் போகிற போக்கில் இன்னொன்றையும் சொல்லிவிட்டுப் போனார்: மற்ற அலைகள் எல்லாப் பக்கமும் பரவுவதால் சீக்கிரம் நீர்த்துப்போகும், இது பரப்பில் மட்டும் பரவுவதால் தூரம் போகப் போக இதுவே மேலோங்கும், பூகம்பங்களில் இதற்குப் பெரிய பங்கு இருக்கக்கூடும்.

பன்னிரண்டு ஆண்டுகளில் அதற்குச் சாட்சி வந்தது, அதுவும் இந்தியாவிலிருந்து. 1897 ஜூன் 12 மாலை அஸ்ஸாமை உலுக்கிய பூகம்பத்தை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ரிச்சர்ட் ஓல்டாம் ஆராய்ந்தார். இத்தாலி போன்ற தொலைவான நாடுகளின் கருவிகள் வரைந்திருந்த கோடுகளை வாங்கிப் பார்த்தபோது அதிர்வு மூன்று தவணைகளாக வந்திருப்பதைக் கண்டார். 1900-ல் அதை வெளியிட்டார். முதல் இரண்டும் பூமியின் உள்ளே புகுந்து வந்தவை; கடைசியாக, எல்லாவற்றையும்விடப் பெரிதாக வந்தது பரப்பைச் சுற்றிக்கொண்டு வந்தது. இன்று பள்ளிப் பாடத்தில் பி அலை, எஸ் அலை (குறுக்கலை), பரப்பலை என்று படிப்பது இதைத்தான்.

ஆனாலும் ராலேயின் கணக்கில் ஒரு குறை இருந்தது. அவர் எடுத்துக்கொண்டது மேலிருந்து கீழ்வரை ஒரே சீரான பொருள். அதில் நெட்டை அலையும் குட்டை அலையும் ஒரே வேகத்தில்தான் போகும். வேகத்தை அளந்தால் ஒரே ஓர் எண் கிடைக்கும், அவ்வளவுதான். நிஜத் தரை அப்படியா இருக்கிறது? மேலே பொடி மண், கீழே களி, அதற்குக் கீழே மணல், அப்புறம் சிதைந்த பாறை, கடைசியில் கெட்டிப் பாறை. ஆக்ஸ்ஃபோர்டு கணிதப் பேராசிரியர் லவ் 1911-ல் வெளியிட்ட நூலில் மேலே ஓர் அடுக்கை வைத்துக் கணக்குப் போட்டார். பக்கவாட்டில் மட்டும் ஆடும் இன்னொரு பரப்பலை அதிலிருந்துதான் தெரியவந்தது, இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. நமக்கு முக்கியமானது வேறு. அடுக்கு வந்துவிட்டால் அலைநீளத்துக்குத் தகுந்தபடி வேகம் மாறும்.

காரணம் புரிந்துகொள்ளக் கடினமில்லை. பரப்பலை தன் அலைநீளம் எவ்வளவோ, ஏறக்குறைய அந்த ஆழம் வரைக்கும் மண்ணை அசைத்துக்கொண்டு போகும். குட்டைக் கரண்டி குழம்பின் மேலாக்கில் துழாவும், நெட்டைக் கரண்டி பானையின் அடியைத் தொட்டு வரும், அதுபோல. குட்டை அலையின் வேகம் மேல் மண்ணைச் சொல்லும். நெட்டை அலையின் வேகம் கீழே இருப்பதையும் சேர்த்துச் சொல்லும். பூகம்ப ஆய்வாளர்கள் இதை வைத்துக் கண்டத்தின் தடிமனையே கணக்கிட்டார்கள்: வினாடிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில், 20 வினாடிக்கு ஒரு முறை ஆடும் அலையின் நீளம் 60 கிலோமீட்டர். அதே கணக்கைச் சுருக்கிப் பாருங்கள். வினாடிக்கு 200 மீட்டர் வேகத்தில், வினாடிக்கு 20 முறை ஆடும் அலையின் நீளம் 10 மீட்டர். ஒரு வீட்டு அஸ்திவாரத்துக்குப் போதுமான ஆழம்.

தெரிந்த பிறகும் ஏன் இவ்வளவு காலம் பிடித்தது என்பதுதான் இந்தக் கதையில் எனக்குச் சுவாரஸ்யமான இடம்.

முதல் முயற்சி பெர்லினில். 1928-ல் தொடங்கிய ஜெர்மன் மண் இயக்கவியல் கழகத்தில், அச்சிலிருந்து விலக்கிப் பொருத்திய இரண்டு எடைகள் எதிரெதிராகச் சுழலும் ஓர் இயந்திரம் செய்தார்கள். இரண்டின் பக்கவாட்டு விசையும் ஒன்றையொன்று தின்றுவிடும், மேலும் கீழுமான உதைப்பு மட்டும் மிஞ்சும். அதைத் தரையில் வைத்து ஓட்டினார்கள். ஹெர்ட்விக், ஃப்ரூ, லோரென்ஸ் மூவரும் 1933-ல் வெளியிட்ட ஆய்வு, அதிர்வைக் கொண்டு மண்ணின் குணத்தை அளக்கலாம் என்று சொன்னது. அலையின் வேகத்திலிருந்து மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று நேரடியாகச் சொல்லிவிடலாம் என்ற ஆசையும் அவர்களுக்கு இருந்தது. அந்த ஆசை பலிக்கவில்லை. இயந்திரம் மட்டும் நிலைத்தது.

போருக்குப் பிறகு லாரிகள் கனத்தன, சாலைகள் உடைந்தன. சாலையைப் பெயர்க்காமல் அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. ஆம்ஸ்டர்டாமில் வான் டெர் பூல் 1951-ல் சாலைகளை அதிரவைத்துச் சோதித்த முடிவுகளை எழுதினார். அவர் வேலை பார்த்தது ஷெல் நிறுவனத்தின் ஆய்வகத்தில். தார் விற்கிறவர்களுக்குச் சாலை முக்கியம் அல்லவா? எண்ணெய்த் தொழிலின் ஒரு கை எறிந்ததை இன்னொரு கை பொறுக்கியெடுத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த வேலையை முறையாகச் செய்தவர் ஜோன்ஸ். லண்டனுக்கு மேற்கே ஹார்மண்ட்ஸ்வொர்த்தில் இருந்த பிரிட்டிஷ் சாலை ஆய்வகத்துக்காரர். கான்கிரீட்டுக்குள் ஒலித்துடிப்பை அனுப்பி அதன் தரத்தைப் பார்க்கும் சோதனையை வளர்த்தவர்களில் இவரும் ஒருவர். மண்ணில் அவர் செய்ததை இப்படிக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தரையில் அதிர்வுக் கருவி ஒன்று, ஒரே அதிர்வெண்ணில் சீராக ஆடிக்கொண்டிருக்கும். அதிலிருந்து நேர்கோட்டில் அளவு நாடா விரித்திருக்கும். ஒருவர் ஒரு சின்ன உணர்கருவியை நாடாவின் மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவார். திரையில் இரண்டு கோடுகள் தெரியும், ஒன்று கருவியின் ஆட்டம், மற்றொன்று மண்ணின் ஆட்டம். இரண்டும் சேர்ந்து ஏறிச் சேர்ந்து இறங்கும் இடம் வந்ததும் நாடாவில் குறித்துக்கொள்வார். மறுபடி நகர்த்தினால் மறுபடி ஒத்துப்போகும் இடம் வரும். இரண்டு குறிகளுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் அலைநீளம். அதை அதிர்வெண்ணால் பெருக்கினால் வேகம். முடிந்ததா? இல்லை, இப்போது அதிர்வெண்ணை மாற்ற வேண்டும், மறுபடி முதலிலிருந்து நகர்த்த வேண்டும். ஓர் இடத்தை முடிப்பதற்குள் பொழுது போய்விடும்.

இந்தக் களமுறையை ஜோன்ஸ் 1958-ல் ஜியோடெக்னிக் இதழில் எழுதினார். பிரிட்டனின் முதல் மோட்டார்வேயான பிரெஸ்டன் பைபாஸ் அதே ஆண்டு டிசம்பரில்தான் திறக்கப்பட்டது. 1962-ல் சாலை அடுக்குகளுக்கான கோட்பாட்டையும் எழுதி முடித்தார். அதில் ஒரு சிக்கல் உண்டு. இயற்கையான தரையில் கீழே போகப் போகக் கெட்டி. சாலையிலோ மேலேதான் கெட்டி, கீழே மெத்து. குட்டை அலை கான்கிரீட் பலகைக்குள்ளேயே ஓடிவிடும், நெட்டை அலை அடிமண்ணுக்குள் போய் மெதுவாகும், எல்லாம் தலைகீழ். அதை அவர் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்.

கையிலிருந்த பழைய விதி முரட்டு விதி. அலைநீளத்தில் பாதி எவ்வளவோ, அந்த ஆழத்து மண்ணின் வேகம் இது என்று எழுதிவிடுவார்கள். மிசிசிப்பியின் விக்ஸ்பர்கில் அமெரிக்க ராணுவப் பொறியாளர்களின் ஆய்வு நிலையமும் 1960-களில் இதையே செய்தது. மண் மெதுவாக மாறும் இடத்தில் ஏதோ பொருந்தும். களிமண்ணுக்கு நேர்கீழே பாறை இருந்தால் பொருந்தாது. ஒவ்வோர் அலையும் தான் தொட்ட எல்லா அடுக்குகளையும் கலந்துதான் சேதி கொண்டுவருகிறது. அதைப் பிரித்தெடுக்கச் சரியான கணக்கு வேண்டும். கணக்கு இல்லாமலா போயிற்று? தாம்சன் 1950-ல் எழுதிய அணி முறையில் இருந்த பிழையை நீக்கி ஹாஸ்கெல் 1953-லேயே கொடுத்துவிட்டார், பூகம்பக்காரர்களுக்காக. ஆனால் அடுக்குகளை ஊகித்து, அலைநீளத்தோடு வேகம் மாறும் வளைவரையைக் கணக்கிட்டு, அளந்ததோடு ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் மறுபடி ஊகித்து, இப்படிச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். சாலைப் பொறியாளர் மேசையில் அன்றைக்குக் கணினி ஏது? ராலேக்கும் இன்றைய சோதனைக்கும் நடுவில் விழுந்த நூறாண்டுப் பள்ளத்துக்குக் கருவிகளைக் குறை சொல்வது வழக்கம். என் பார்வையில் பாதிக்கு மேல் பழி இந்தக் கணக்குச் சுமையையே சேரும்.

விடிவு டெக்சாஸில் வந்தது. ஓர் அதிர்வை அதன் அதிர்வெண்களாகப் பிரிப்பதற்குக் கூலியும் டூக்கியும் 1965-ல் வெளியிட்ட வேகமான ஃபூரியர் கணக்கு, களத்துக்குத் தூக்கிச் செல்லும் பெட்டிகளுக்குள் குடிபுகுந்திருந்தது. ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கென்னத் ஸ்டோகோ குழுவுக்கு அது போதுமானதாக இருந்தது. ஒரே அதிர்வெண்ணில் மணிக்கணக்காக ஆட்டுவானேன்? சுத்தியலால் ஓர் அடி அடித்தால் எல்லா அதிர்வெண்ணும் ஒன்றாகக் கிளம்பும், பிரிக்கிற வேலையைப் பெட்டி பார்த்துக்கொள்ளும். ஹெய்ஸி, ஸ்டோகோ, மேயர் 1982-ல் இதை எழுதினார்கள். நசாரியன் 1984-ல் தன் முனைவர் பட்ட ஆய்வில் முழு முறையாக்கினார். தரையில் இரண்டே இரண்டு உணர்கருவிகள். கிட்டத்தில் வைத்தால் கைச்சுத்தியல், தள்ளி வைத்தால் பெரிய எடை, இன்னும் ஆழம் வேண்டுமென்றால் புல்டோசரை முன்னும் பின்னும் ஓட்டுவார்கள். இதற்கும் சாலைத் துறைதான் முதல் வாடிக்கையாளர்.

இரண்டு கருவிகள் என்பதில் ஒரு கண்ணி இருந்தது. ஓர் அலை முதல் கருவியைத் தாண்டி இரண்டாவதற்கு வருவதற்குள் எத்தனை முழு ஆட்டம் ஆடியது என்று பெட்டி சொல்லாது. மிச்சக் கோணத்தை மட்டும் சொல்லும். முழு ஆட்டங்களை மனிதன்தான் எண்ண வேண்டும். இரைச்சல் நிறைந்த இடத்தில் ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ எண்ணிவிட்டால் போச்சு, கீழே உள்ள அடுக்கெல்லாம் தப்பு. கை தேர்ந்தவர்கள் செய்தால் முறை அற்புதமாக வேலை செய்தது. மற்றவர்கள் செய்தபோது அதே இடத்துக்கு இரண்டு விடைகள் வந்தன.

அந்த நேரத்தில் மெக்சிகோ நடந்தது. 1985 செப்டம்பர் 19 காலை, பசிபிக் கரையோரத்தில் 8 அளவிலான பூகம்பம். மெக்சிகோ நகரம் 350 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. ஆனால் நகரத்தின் நடுப்பகுதி, வற்றிய டெஸ்கோகோ ஏரியின் களிமண்மேல் நிற்கிறது. அங்கே குறுக்கலையின் வேகம் வினாடிக்கு 70, 80 மீட்டர்தான். அந்தக் களி இரண்டு வினாடிக்கு ஒரு முறை ஆடியது. நடுத்தர உயரக் கட்டடங்கள் அதோடு ஒத்து ஆடி விழுந்தன. அதே நகரத்தில் பாறை மேட்டில் இருந்தவற்றுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து கலிஃபோர்னியாவில் லோமா பிரியேட்டா பூகம்பத்தில் ஓக்லண்டின் இரண்டடுக்கு நெடுஞ்சாலைப் பாலம் சரிந்தபோதும் விழுந்த பகுதி சேற்றுமண் மேல்தான் நின்றது.

அதன் பிறகு கட்டட விதிகளை எழுதுகிறவர்கள் மண்ணுக்கு வகுப்புப் பிரித்தார்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் போர்ச்செர்ட் 1994-ல் முன்வைத்த வழியில், மேல் 30 மீட்டருக்குக் குறுக்கலையின் சராசரி வேகம் என்ன என்பதுதான் அளவுகோல். வேகம் வினாடிக்கு 760 மீட்டருக்கு மேல் என்றால் பாறை, 180-க்கும் 360-க்கும் நடுவில் என்றால் கெட்டி மண், 180-க்குக் கீழே என்றால் மென்மண். ஏன் 30? ஒரு நாளில் துளை போட்டு முடிக்கக்கூடிய ஆழம் அவ்வளவுதான் என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அறிவியலில் எத்தனையோ எல்லைக்கோடுகள் இப்படி வேலை நேரத்தை ஒட்டி விழுந்தவைதான். ஏன் குறுக்கலை? பி அலை தண்ணீரிலும் வினாடிக்கு 1,500 மீட்டர் ஓடும். ஈரமான தளர் மண்ணில் அது தண்ணீரைத்தான் அளக்கும். தண்ணீருக்குக் குறுக்கு நெளிவைத் தாங்கும் விறைப்பு கிடையாது, ஆகவே எஸ் அலை மண்ணை மட்டுமே பார்க்கும். பரப்பலையின் வேகமோ எஸ் அலையை ஒட்டியே போகிறது.

இப்போது ஒரே நாளில் உலகம் முழுவதும் இந்த எண் தேவைப்பட்டது. துளை போட்டு அளக்கப் பணமும் நாளும் ஆகும். எண்ணெய்க்காரர்களின் பழைய சாமான் மறுபடி கதைக்குள் வருவது இங்கேதான். நெதர்லாந்தின் ஜீலந்தில் அலைவாய்ச் சேற்றுவெளி ஒன்றில் உத்ரெக்ட் ஆய்வாளர்கள் கேப்ரியல்ஸ், ஸ்னைடர், நோலெட் 24 ஜியோபோன்களை வரிசையாக நட்டு, பரப்பலையின் பல வகை ஆட்டங்களைப் பிரித்துக் காட்டினார்கள். அவர்கள் 1987-ல் எழுதிய கட்டுரை வெளியான நேரத்தில் அதிகம் பேர் பார்க்கவில்லை. வழக்கமான வேலையாக அதை ஆக்கியவர்கள் கன்சாஸ் மாநிலப் புவியியல் ஆய்வு நிறுவனத்தார். லாரன்ஸ் நகரில் சூன் பார்க், ரிச்சர்ட் மில்லர், ஜியாங்ஹாய் ஷியா மூவரும், ஆழமில்லாத எதிரொலிகளைத் தேடும் வேலையில் இருந்தவர்கள். அவர்களுக்கும் கிரவுண்ட் ரோல் எதிரிதான். கையில் பல வழிப் பதிவுக் கருவி இருந்தது, ஏராளமான பதிவுகள் இருந்தன. 1999-ல் ஜியோஃபிசிக்ஸ் இதழில் அவர்கள் வெளியிட்ட முறைக்கு மாஸ்வ் என்று சுருக்கப் பெயர். பல வழிப் பரப்பலை ஆய்வு. இருபத்து நான்கு பதிவுகளையும் சேர்த்து வேகம்–அதிர்வெண் படமாக மாற்றினால், அடிப்படை அலை ஒரு பட்டையாக எழுந்து நிற்கும். மற்ற ஆட்டங்களும் இரைச்சலும் தனியாகத் தெரியும். இரண்டு கருவிகளுக்கு நடுவே முழு ஆட்டங்களை எண்ணும் தொல்லை அதோடு ஒழிந்தது. அதே ஆண்டு கன்சாஸின் ஒலாத்தியில் 2 முதல் 7 மீட்டர் ஆழத்தில் இருந்த அடிப்பாறையின் மேடுபள்ளத்தை வரைந்து காட்டினார்கள். மென்பொருளும் செய்து கொடுத்தார்கள். சோதனை கண்டம் தாண்டிப் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்று சோதனை நடக்கும் இடத்தில் நின்றால் பெரிய வித்தை ஒன்றும் தெரியாது. ஒரு மீட்டருக்கோ இரண்டு மீட்டருக்கோ ஒன்றாக ஜியோபோன்களின் ஆணியைத் தரையில் அழுத்திக் குத்துவார்கள். தார்ச் சாலையானால் ஆணியைக் கழற்றித் தட்டையான அடித்தகடு மாட்டுவார்கள். வரிசைக்கு நேராக, கொஞ்சம் தள்ளி, ஓர் இரும்புத் தகடு. அடி விழும் கணத்தைக் கருவிக்குச் சொல்லும் டிரிக்கர் பிடியில் ஒட்டிய சம்மட்டியோடு ஒருவர் நிற்பார். லாரி போகும்வரை பொறுத்து, கருவியருகே இருப்பவர் கை காட்டியதும் ஓங்கி ஓர் அடி. மறுபடி, மறுபடி. நாலைந்து அடியையும் கூட்டினால் இரைச்சல் அமுங்கி அலை எழும்பும். சம்மட்டியின் அடியில் அலை கிடைக்குமா என்று சந்தேகப்பட வேண்டியதில்லை: வேறொரு மில்லரும் பர்சியும் 1955-ல் போட்ட கணக்குப்படி, தரையின் மேல் செங்குத்தாக ஆடும் தகடு ஒன்றின் ஆற்றலில் சுமார் 67 சதவீதம் ராலே அலைக்கே போகிறது. பி அலைக்குக் கிடைப்பது 7 சதவீதம்.

2001 ஜனவரி 26-ல் பூஜ் பூகம்பம் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் அகமதாபாதில் அடுக்குமாடிகளைச் சாய்த்த பிறகு நம் நகரங்களிலும் இந்தச் சோதனை இறங்கியது. பெங்களூரில் இந்திய அறிவியல் கழகம் நகர் முழுக்கச் செய்தது. சென்னையில் ஐ.ஐ.டி.யின் பூமிநாதன் குழுவினர் மாஸ்வ் அளவுகளையும், நம் கட்டட ஒப்பந்ததாரர்களுக்குப் பழகிப்போன ‘என்’ (N) மதிப்பையும் ஒப்பிட்டு, சென்னை மண்ணுக்கென்று தனித் தொடர்பு கண்டார்கள். 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி என்று எண்ணுவதுதான் இந்த ‘என்’ மதிப்பு. பழக்கத்தில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை.

இந்த முறையை வாங்கி விற்கிறவர்கள் அடிக்கடி மறப்பது ஒன்று உண்டு. வரும் படம் வண்ணமாகவும் தெளிவாகவும் இருக்கும், ஆனால் ஒரே வளைவரைக்குப் பொருந்தும் அடுக்கு வரிசைகள் ஒன்றுக்கு மேல் உண்டு. வரிசையின் முழு நீளத்துக்கும் சராசரிதான் கிடைக்கும். நடுவில் ஒரு பாழுங்கிணறு மூடிக் கிடந்தால் அதையும் சேர்த்து மெழுகிவிடும். இத்தாலியின் மிரண்டோலா, பிரான்சின் கிரெனோபிள், கடராஷ் ஆகிய மூன்று இடங்களின் பதிவுகளைப் பதினான்கு குழுக்களிடம் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2016-ல் வந்தது. 30 மீட்டர் சராசரி வேகம் பெரும்பாலும் ஒத்துப்போனது. எந்த ஆழத்தில் எந்த அடுக்கு என்பதில்தான் ஆளுக்கொரு விடை. எனவே ஒரு துளையாவது போட்டு ஒத்துப் பார்க்காமல் வரும் அறிக்கையில் கையெழுத்துப் போடும் பொறியாளரைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

இன்னொரு எல்லையும் உண்டு. ஒரு மனிதனின் சம்மட்டி அடியில் நெட்டை அலைகள் குறைவு. இருபது, முப்பது மீட்டருக்குக் கீழே அது தடுமாறும். டோக்கியோ போன்ற நகரங்களில் மண் அதைவிட எத்தனையோ ஆழம் போகிறது, நெரிசலில் சம்மட்டி அடிக்க இடமும் இல்லை. அங்கே கெய்ட்டி அகி என்ற இளைஞர் 1957-லேயே ஒரு கட்டுரை எழுதியிருந்தார். யாரும் அடிக்கவே வேண்டாம், ரயிலும் லாரியும் கடலலையும் ஓயாமல் ஆட்டிக்கொண்டிருக்கும் தரையைச் சும்மா கேட்டுக்கொண்டிருந்தாலே போதும் என்றார் அவர். அதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)